ஆறாவது கேள்வியும் ஒரு டப்பா கருவாடும்

எனக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து சண்டை போடக் கூடாது. எனக்கு வந்ததெல்லாம் குரல் மாற்றுவது. ஒரு வரியை ஆண் குரலில் பாடி, உடனே தொண்டையை இடுக்கிக்கொண்டு மறு வரியைப் பெண் குரலில் பாடுவேன். தாராவியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஏழு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏழு பேர் சிரித்தால் நமக்குக் கலை கைவந்துவிட்டது என்று நம்புகிற வயது அது.

அறுபதுகளின் ஆரம்பம். நான் ட்ரங்குப் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் தகரத்தை வெட்டி, மடித்து, ஆணி அடிப்பார்கள். மூடியின் மேல் ரோஜாப்பூ வரைவது என் வேலை. அது ரோஜாதான் என்று பட்டறை முதலாளி ஸேட் நம்பினார். எங்கள் ஊர்க்காரர்கள் முட்டைக்கோஸ் என்றார்கள். ஆனாலும் லீவில் திருநெல்வேலிப் பக்கம் போகிற அத்தனை பேரும் என் முட்டைக்கோஸைத் தலையில் சுமந்துகொண்டுதான் தாதர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் மட்டும் அதிகம் போகவில்லை. போகிறவர்களின் பெட்டிக்குப் பூப்போடுவதிலேயே என் லீவு தீர்ந்துபோனது என்று வேடிக்கையாகச் சொல்லுவேன். ஏழு பேரும் சிரிப்பார்கள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் பம்பாய்க்குத் திரும்பியவன் நான். அடுத்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை, இரண்டாம் வருஷம், பதினைந்து நாள் ஊருக்குப் போய்வந்தேன். மனைவி என் அப்பா அம்மாவோடு இருந்தாள். "கோலி கிடைச்சதும் கூப்பிட்டுக்கிடுதேன்" என்று வருஷத்துக்கு நாலு கடிதம் போடுவேன். எட்டுக்குப் பத்தில் நாலு தகரச் சுவர் இருந்தால் பம்பாயில் அதற்குக் கோலி என்று பெயர். அது கிடைக்கத்தான் ஐந்து வருஷம் ஆயிற்று.

மற்ற நாட்களில் வேலை இருந்தது. ஞாயிறு மத்தியானம்தான் பொல்லாதது. துணி துவைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, சாயங்காலம் வர இன்னும் நாலு மணி நேரம். எட்டு ஆண்கள் எட்டுத் திசையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் மற்றவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில்தான் பட்டறையிலிருந்து கொண்டுவந்த காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டு நான் கேள்விப்பாட்டை எடுப்பேன்.

கேள்விப்பாட்டு எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்களில் மட்டும் உண்டு. கல்யாணம் முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற அன்று, மாப்பிள்ளை கேட்க வேண்டும், பெண் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு கேள்வி.

*கருத்த முடி நரச்சுப்போனா*
*கண்ணே நீ என்ன செய்வே?*

என்று மாப்பிள்ளை கேட்பான்.

*நரச்ச முடி ஒண்ணொண்ணா*
*நானிருந்து எண்ணிடுவேன்*

என்பாள் பெண். இப்படியே பல் விழுந்தால், கண் மங்கினால், கால் ஓய்ந்தால் என்று போகும். ஐந்தாவது, தூர தேசம் போனால் என்ற கேள்வி. அதற்குப் பதில்:

*போன தடம் அழியாம*
*பொத்திவச்சுக் காத்திருப்பேன்.*

என் கல்யாணத்தில் இந்த ஐந்தாவது பதிலைப் பாடும்போது அவள் என்னைப் பார்த்தாள். மற்ற நாலையும் தரையைப் பார்த்துத்தான் பாடினாள். இன்னும் இரண்டு மாதத்தில் நான் ரயிலேறப் போவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறாவது கேள்விதான் விஷயம்.

*முன்னால ஒருத்தர் போனா*
*பின்னால ஒருத்தர் நின்னா*
*பின்னால நிக்கும் ஆளு*
*என்ன செய்யும் பொன்மயிலே?*

இதற்குக் கல்யாண வீட்டில் பதில் சொல்லக் கூடாது. மஞ்சள் தண்ணீர் காயாத அன்றைக்குச் சாவைப் பற்றி என்ன பேச்சு? மாப்பிள்ளை கேட்டதும் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், பாட்டு முடிந்துவிடும். பதிலைக் கல்யாணத்துக்கு முன்பே பெண்கள் அவள் காதில் சொல்லியிருப்பார்கள். ஆண்களுக்கு அது தெரியாது. புருஷனும் பெண்டாட்டியும் தனிக்குடித்தனம் வந்து அடுப்பு மூட்டி, முதல் உலை கொதிக்கும்போது, அவன் மறுபடியும் கேட்க வேண்டும். அப்போது அவள் பாடுவாள். அதுவரை அது அவளிடமே இருக்கும். அவளைத் தவிர வேறு யாரும் அந்தப் பதிலைப் பாடக் கூடாது.

யாரும் பாடக் கூடாது என்று இருந்தால் ஒரு கோமாளி என்ன செய்வான்?

நாலாவது வருஷம், எங்கள் அறையில் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிற ஞாயிறு அது. ஊரில் என் தெருவுக்கு அடுத்த தெரு ஆள். அவர் பெட்டி என் முட்டைக்கோஸோடு தயாராக நின்றது. வழியனுப்புகிற சந்தோஷத்தில் பாட்டு களை கட்டிவிட்டது. ஐந்து கேள்வியும் முடிந்து ஆறாவதையும் பாடிவிட்டேன். வழக்கமாக அங்கே நிறுத்தி, துண்டால் வாயைப் பொத்தி ஒரு வெட்கம் காட்டுவேன். அன்றைக்கு எங்கள் அறைக்கு மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, "அத்தோட நிறுத்திக்கிடு" என்றார்.

"ஏன் அண்ணாச்சி? பதில் வேண்டாமா?"

"ஒனக்குத் தெரியாதுலே அது."

தெரியாதா? எனக்கா? தொண்டையை இடுக்கிக்கொண்டேன். பெட்டியில் ஓங்கி ஒரு தட்டு.

*முன்னால நீங்க போனா*
*மூணு நாளு அழுதுபுட்டு*
*உங்க பங்குக் கருவாட்ட*
*ஒண்டியாத் தின்னுடுவேன்!*

அறையே இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். அண்ணாச்சிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வரை நான் வாங்கிய சிரிப்புகளில் அதுதான் பெரிது. ஊருக்குப் போகிறவர் அதை இரண்டு தடவை பாடச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பம்பாயிலிருந்து ஊருக்குப் போகிறவர் கூட இருப்பவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய், கொடுத்தனுப்பிய சாமானைக் கொடுத்து, சேதி சொல்லிவிட்டு வருவது வழக்கம். அவரும் போனார்.

அப்பாவிடமிருந்து வரும் இன்லண்ட் கடிதத்தில் மழை, மாடு, பெரியப்பாவின் கால் வீக்கம் எல்லாம் எழுதி, கடைசியில் மடிப்பு ஓரத்தில் ஒரு வரி இருக்கும்: 'உன் வீட்டில் எப்போது வருகிறாய் என்று கேட்கச் சொன்னாள்.' அவளுக்கு எழுதத் தெரியாது. அந்த ஒரு வரிக்காகக் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்க ஆரம்பிப்பேன். அந்த லீவுக்குப் பிறகு வந்த கடிதங்களில் அந்த வரி இல்லை. மடிப்பு ஓரத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பெரியப்பாவின் கால் வேறு அந்த வருஷம் அதிகமாகவே வீங்கியிருந்தது.

ஒருவழியாக லேபர் கேம்ப்பில் கோலி அமைந்தது. தன் அண்ணன் துணையோடு அவள் வந்து சேர்ந்தாள். அண்ணன் இரண்டு நாள் வெளியே படுத்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் அடுப்பு மூட்டுவது என்று முடிவு. புது பம்ப் ஸ்டவ், புதுப் பானை. வாய் சும்மா இருக்குமா எனக்கு? ஐந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: எங்க வீட்ல முதல் உலை அன்னைக்கு ஆறாவது கேள்வியக் கேப்பேன், பதில் வரும், வந்து கேளுங்க என்று. பழைய அறையின் ஏழு பேரும் குளித்து, தலை சீவி வந்துவிட்டார்கள். பக்கத்துக் கோலி மராத்திக்கார அம்மாள் ஏதோ பூஜை என்று நினைத்துக் கையில் பூவோடு வாசலில் நின்றார்.

உலை கொதித்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையாக என் சொந்தக் குரலில், ஆறாவது கேள்வியைப் பாடினேன்.

அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். கரண்டியால் கிண்டினாள்.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை பாடினேன். ஸ்டவ்தான் இரைந்தது.

"தாயீ, பதிலச் சொல்லிரும்மா. பயலுக்கு மூச்சு முட்டுது" என்றார் அண்ணாச்சி.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அவியதான் பதிலும் பாடியாச்சுல்லா அண்ணாச்சி. ஊரே கேட்டாச்சு. மூணு நாளு அழுதுட்டுக் கருவாடு திங்கணுமாம். நான் என்னத்தப் புதுசாப் பாடப்போறேன்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஊருக்குப் போய்வந்தவர் கூரையை ஆராய்ந்தார். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மராத்தி அம்மாள் மட்டும் "ஜாலா கா?" என்று, முடிந்துவிட்டதா எனக் கேட்டு, பூவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முடிந்துவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது.

மறுநாள் குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கிவைத்த பிறகு அவளாகவே சொன்னாள்.

"அவரு வந்து அத்தை, அக்கம்பக்கத்து ஆளுக எல்லாரும் இருக்கையில பாடிக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா ரோசத்தப் பாருன்னு சொல்லுவாகல்லா."

"வெளையாட்டுக்குப் பாடினதுதான்…"

"அது தெரியும். உங்க அம்மா வீட்ல எனக்குன்னு என்ன இருந்துச்சு? படுத்த பாய் அவுகளுது, உடுத்துன சீலை அவுக எடுத்துக் கொடுத்தது. அந்த ஒரு பதில் மட்டுந்தான் என்னுது. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் அத்தனை வருசமும் இருந்தேன். அதையும் எடுத்து எட்டுப் பேருக்குப் பங்கு வச்சுட்டியளே."

நான் ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படி ஆனது எனக்கு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் மரியாதையாக இருந்தாள். "சாப்பிட வாங்க." "தண்ணி வச்சிருக்கு." "சட்டை அங்கன மடிச்சிருக்கு." பட்டறையில் ஒரு மாதம் மெனக்கெட்டு அவளுக்கென்று ஒரு பெட்டி செய்தேன். மூடியில் இருபத்திரண்டு ரோஜா. "நல்லாருக்கு" என்று வாங்கி, அதில் அரிசியைக் கொட்டிவைத்தாள். எலி வராதாம்.

ஏழு ஆண்களோடு இருந்தபோது தனியாக இருக்கிறேன் என்று நினைத்தவன் நான். ஒரு கை தூரத்தில் மனைவி படுத்திருக்கும்போது இருக்கிற தனிமை வேறு ரகம். அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் எனக்கென்ன குறைச்சல் என்பார்கள். பழைய அறைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால், "பாட்டுக்காரரே, ஒண்ணு எடுத்து விடும்வே" என்பார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். ஒன்றரை வருஷமாக ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருப்பதை அவர்களும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

எட்டுக்குப் பத்துக் கோலியில் மரியாதைக்காக எவ்வளவு தூரம்தான் தள்ளி இருக்க முடியும்? இரண்டாம் வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம், சித்திரை வெயிலில், அண்ணன் வந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போனார். வரும்போது அவர் நெத்திலிக் கருவாடு நிறையக் கொண்டுவந்திருந்தார். கிளம்புகிற அவசரத்திலும் அவள் அதைச் சுத்தம் செய்து, பெரிய டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்தாள்.

"பொரிச்சுத் தின்னுங்க. காஸ்லேட் ஊத்தி வச்சிருக்கேன்" என்றாள். மண்ணெண்ணெய்க்கு இங்கே காஸ்லேட் என்று பெயர், அவளும் கற்றுக்கொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

தாதரில் ரயிலேற்றிவிட்டு வந்து, பசியோடு ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். ஒரு பிடி நெத்திலியைக் கையில் எடுத்தேன். அவள் பங்கு, என் பங்கு எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. ஒண்டியாக உட்கார்ந்திருந்தேன். என் பாட்டு எனக்கே ஞாபகம் வந்தது, பெண் குரலில்.

கருவாட்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடையில் போய்ச் சப்பாத்தி தின்றேன். மறுநாளும் அங்கேதான். ஸ்டவ்வில் கை வைக்கவில்லை.

ஆனால் கருவாட்டை அப்படியே விட்டுவிட முடியாது. புழு வைத்துவிடும், வெயிலில் போட வேண்டும். ஆகவே என் ஞாயிறு மத்தியானங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. தகரக் கூரையில் சாக்கை விரித்து, நெத்திலியைப் பரப்பி, காக்கைக்கும் பூனைக்கும் நடுவில் குடை பிடித்துக்கொண்டு காவல் உட்காருவேன். லேபர் கேம்ப் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. பழைய அறைக்காரர்கள் கீழே நின்று கத்துவார்கள்:

"ஏலே, பிரசவத்துக்குப் போனது ஒன் பொண்டாட்டியா, கருவாடா?"

"தின்னா என்னவே அத? பேரன் பேத்திக்குச் சேத்து வைக்கீரா?"

அண்ணாச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை கூரைக்கு ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காக்கை விரட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் வந்தது. பம்பாய் மழைக்கு வெயில் எங்கே? டப்பாவைத் தினமும் பட்டறைக்குத் தூக்கிப்போய், தகரம் பற்றவைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த வருஷம் ஊருக்குப் போன பெட்டிகளின் ரோஜாவெல்லாம் நெத்திலி வாசம் அடித்தது. ஸேட் மூக்கைப் பொத்திக்கொண்டு பெயிண்ட் கடைக்காரனைத் திட்டினார். நான் அடுத்த ரோஜாவுக்குப் போனேன்.

அந்த மழையில்தான் மாமனாரின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். பேடா வாங்கி லேபர் கேம்ப் முழுக்கக் கொடுத்தேன். மராத்தி அம்மாள் என் நெற்றியில் குங்குமம் வைத்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் கோலிக்கு வந்து கதவைச் சாத்தினால், டப்பாவும் ஸ்டவ்வும் அரிசிப் பெட்டியும் இருந்தன. கடிதத்தைப் பின்னாலிருந்து படித்தேன். மடிப்பு ஓரத்தில் ஒன்றும் இல்லை. வெளியே மழை தகரத்தில் தாளம் போட்டது. நான் போடுவதைவிட நன்றாகவே போட்டது.

தீபாவளி கழிந்து அவள் வந்தாள். தாதரில் குழந்தையை என் கையில் கொடுத்தாள். எனக்கு என்னென்ன கோமாளி முகம் தெரியுமோ எல்லாம் காட்டினேன், குழந்தை அழுதது. "புள்ள பயப்படுது. சாதாரணமா இருங்க" என்றாள். எனக்கு யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

கோலிக்கு வந்ததும் கண்ணை ஓட்டினாள். ஸ்டவ்வின் மேல் விரலால் கோடு போட்டாள். தூசியில் கோடு விழுந்தது. துளை குத்துகிற ஸ்டவ் பின் துருப்பிடித்திருந்தது.

"அடுப்பே மூட்டலியா?"

"இல்ல."

"ஏழு மாசமாவா?"

"கானாவளி இருக்குல்லா."

அலமாரிக்குப் போனாள். டப்பாவைத் தூக்கியதும் கனம் தெரிந்திருக்க வேண்டும். திறந்து பார்த்தாள். கையை விட்டு அடி வரை துழாவினாள். ஒரு நெத்திலியை ஒடித்து முகர்ந்தாள். புழு இல்லை, பூஞ்சை இல்லை.

"திங்கலியா?"

"இல்ல."

"ஏன், பிடிக்கலியா?"

ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்திருக்கலாம். நாலைந்து கையில் இருந்தன. ஆனால் மடியில் குழந்தை அப்போதுதான் அழுகையை நிறுத்தியிருந்தது. சாதாரணமாக இரு என்று சொல்லியிருந்தாள்.

"ஒண்டியா எப்படித் திங்க?" என்றேன்.

அவள் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். கருவாட்டைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து, பின்னைச் சுரண்டித் துளை குத்தி, காஸ்லேட் பார்த்து, பம்ப் அடித்தாள். ஸ்டவ் இரைய ஆரம்பித்தது. அரிசிப் பெட்டியைத் திறந்து, இருபத்திரண்டு முட்டைக்கோஸையும் சுவரில் சாய்த்து, இரண்டு உழக்கு அளந்தாள். முதலில் உலை வைத்தாள். இறக்கி வைத்ததும் அதே அடுப்பில் சட்டி போட்டு நெத்திலி பொரிக்கலாம் என்று எடுத்து வைத்தாள்.

உலை கொதித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கேட்கிற தகுதியைத் தொலைத்தவன் நான்.

"இங்கன கிட்ட வாங்க" என்றாள்.

குழந்தையோடு நகர்ந்து அவளுக்கும் ஸ்டவ்வுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இரைச்சலில் வாசலில் யார் நின்றாலும் ஒன்றும் கேட்காது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவள் பாடினாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில். நாலு வரி. அவள் குரல் கல்யாணத்தில் இருந்ததைவிடத் தடித்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டாள். முடித்துவிட்டு, "அரிசியப் போடணும், தள்ளுங்க" என்றாள்.

அன்றைக்கு நெத்திலி எவ்வளவு தின்றேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் கருவாடு பொரிக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள், நாலு வருஷமாகிறது. பின்னால் நிற்கும் ஆள் நான்தான். ஞாயிறு மத்தியானம் இங்கேயும் வருகிறது. அன்றைக்கு இருந்த அதே நாலு மணி நேரம்தான்.

பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. பாட்டு மட்டும் பிடிக்கும். ஐந்து கேள்வியையும் குரல் மாற்றாமல் பாடிக் காட்டுவேன். ஆறாவதைப் பாடி நிறுத்திவிடுவேன். "ஃபிர் க்யா, தாத்தா? அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று தொணதொணக்கும்.

சொல்ல மாட்டேன். உங்களுக்கும்தான். ஒரு தடவை வாயை விட்டது போதும். பின்னால் நிற்கும் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கருவாடு அதில் வரவில்லை என்பதை மட்டும் வேண்டுமானால் எழுதி வைக்கிறேன்.